மூன்று கட்டைப்பை குழந்தைத் துணி: தம்பி மனைவியிடம் எப்படிக் கொடுப்பது?

மண்டபம்அக்கா

நேற்று பரணைச் சுத்தம் செய்ய ஏறியவள் மூன்று கட்டைப்பையோடு இறங்கினேன். எல்லாம் என் மகளுடைய துணி. பிறந்த புதிதில் போட்ட ஜப்லாவிலிருந்து நாலு வயதில் போட்ட கவுன் வரைக்கும் இருக்கிறது. அவளுக்கு ஏழு முடியப் போகிறது, இத்தனை நாள் இதையெல்லாம் எதற்குக் கட்டி வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை (சரி, தெரியும், இரண்டாவது வரும் என்று வைத்தேன், வரவில்லை, அதை விடுங்கள்).

தம்பி மனைவிக்கு வளைகாப்பு முடிந்து சாயல்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். இந்தப் பைகளை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. ஆனால் நான் யார்? நாத்தனார். அந்த ஒரு வார்த்தை போதாதா. "முதல் பேரப்பிள்ளைக்கே நாத்தனார் வீட்டுப் பழசா" என்று அங்கே யாராவது ஒரு பெரியம்மா முணுமுணுத்தால் ஆயுசுக்கும் பேச்சு. என் அம்மா, "கேட்டால் கொடு, கேட்காமல் கொண்டுபோய் நீட்டாதே" என்கிறார். என் வீட்டுக்காரரோ தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் வருவாரே, அவரிடம் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் அன்னக்கூடை வாங்கிக்கொள் என்கிறார். மனுஷனா அவர்.

உங்கள் வீடுகளில் எப்படி? யார் கொடுத்து யார் வாங்கினீர்கள், என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?

தொண்டித்தம்பி

அன்னக்கூடை நல்ல யோசனைதான் அக்கா. 😀 மாமாவைத் திட்டாதீர்கள்.

கீழக்கரைலாத்தா

இதெல்லாம் ஒரு யோசனையா என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் இது பேச்சே இல்லாமல் நடக்கிற காரியம். எங்கள் பக்கம் கல்யாணம் ஆன பிறகும் பெண் உம்மா வீட்டிலோ அதை ஒட்டிய வீட்டிலோ இருப்பது வழக்கம். எங்கள் தெருவில் அக்கா தங்கை நாங்கள் நாலு பேரும் வரிசையாக நாலு வீடு. எட்டிக் கூப்பிட்டால் காது கேட்கும். அதனால் துணி தெருவைத் தாண்டுவதே இல்லை. மூத்த லாத்தா மகளுக்குத் துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஒரு மஞ்சள் கவுன், கழுத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ வைத்தது, அது நாலு வீட்டையும் சுற்றிவிட்டு, பிறகு தங்கை நாத்தனார் வீட்டுக்குப் பெரியபட்டினம் போய், அங்கே இரண்டு பிள்ளை போட்டுவிட்டு, மறுபடி என் கடைசி மகளுக்கு வந்தது.

எங்கள் உம்மா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் நிறம். மூத்தவளுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை, அடுத்தவளுக்கு நீலம், கடைசிக்கு ஆரஞ்சு. துணி ஒரு வீட்டுக்குள் வந்ததும் உள்பக்கத் தையலில், அக்குள் ஓரம், கண்ணில் படாத இடத்தில் அந்த வீட்டு நிறத்தில் நாலு தையல் போட்டுவிடுவார். நாலு வீட்டுத் துணியும் ஒரே கொடியில் காயும்போது எது யாருடையது என்று சண்டை வராமல் இருக்கத்தான் ஆரம்பித்தது. அந்த மஞ்சள் கவுன் என் கையில் திரும்பி வந்தபோது அக்குளைப் புரட்டிப் பார்த்தேன், நாலு நிறத்தோடு பெரியபட்டினத்துக்காரர்கள் போட்ட ஒரு கறுப்பு நூலும் இருந்தது. அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார்கள் போல.

நீங்கள் பேசாமல் கொண்டுபோய் வையுங்கள்.

மூணாவதுபையன்

எல்லாரும் கொடுக்கிறவர்களாகவே பேசுகிறீர்கள். வாங்கிப் போட்டவன் ஒருத்தன் பேசுகிறேன், கேளுங்கள்.

வீட்டில் நான் மூன்றாவது ஆண். பெரியண்ணன் போட்டு, சின்னண்ணன் போட்டு, அப்புறம் எனக்கு. கால்சட்டை நீளத்தைப் பிரித்துவிட்டால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று நிற்கும் தெரியுமா, அந்தக் கோட்டோடுதான் நான் பத்தாவது வரைக்கும் படித்தேன். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு மைக்கறை. அந்தப் பேனா என்னுடையது இல்லை, கசிந்ததும் என்னிடம் இல்லை, சின்னண்ணன் ஆறாவதில் செய்த வேலை. ஆனால் அதற்கு வாத்தியார் காதைத் திருகியது என்னை. தீபாவளிக்குக்கூட "உனக்குத்தான் நல்ல சட்டை இருக்கிறதே" என்பார் அம்மா. இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

இன்றைக்கு என் மகளுக்கு யார் பழைய துணி கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வேன், போட மாட்டேன். இதைத் திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி மனைவிக்குப் பிடிக்குமா என்று யோசிக்கிற உங்கள் அம்மா சொன்னதுதான் சரி.

தேவிபட்டினம்மருமகள்

தம்பி சொல்வது உண்மைதான், கைக்குழந்தைக்கு எது கொடுத்தாலும் தெரியாது, ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிடும். என் சின்ன மகள், "இது அக்காவோட வாசனையா என்னோட வாசனையா" என்று மோந்து பார்த்துத்தான் போடுவாள். அதற்காக நான் கண்டுபிடித்த வழி, அக்கா துணி பத்து கொடுத்தால் அதோடு புதுசு ஒன்று சேர்த்துக் கொடுப்பது. ஜட்டி, பனியன், செருப்பு இந்த மூன்றும் எப்போதும் புதுசு.

கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியவள் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட வெல்வெட் கவுனை ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன், பெயர் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அவர்கள் வாசலில் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், கையில் பார்த்தால் என் கவுன்! வீட்டுக்கு வந்து அழுதேன், உண்மையைச் சொல்கிறேன். என் மாமியார்தான், "கொடுத்தது கொடுத்ததுதான், மனசை அதில் கட்டி அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்" என்றார். அன்றிலிருந்து மனசு விடாத துணியை நான் கொடுப்பதே இல்லை. ஐந்தாறு எடுத்துப் பீரோவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுகிறேன். மண்டபம் அக்காவும் முதலில் அதைப் பிரித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

பாம்பன்காத்து

மூணாவதுபையன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் எங்கள் தெருவில் அது வேறு மாதிரி. ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கி ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் முதலில். அதாவது கையில் காசே இல்லாத நேரம் பார்த்துத்தான் பை, நோட்டு, செருப்பு, உடுப்பு எல்லாம் கேட்கும். அரசு தருகிற நிவாரணத் தொகை வீட்டுச் செலவுக்கே காணாது. அதனால் மே மாசம் கடைசி வாரம் எங்கள் தெருவில் ஒரு சந்தை மாதிரி நடக்கும், விற்பனை இல்லாத சந்தை. பெண்கள் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டு முதுகில் சட்டையை வைத்து அளவு பார்ப்பார்கள். "இது உன் மகனுக்கு, இது இன்னும் ஒரு வருசம் போகட்டும் பெட்டியிலேயே வை." யாரும் யாருக்கும் கடன் இல்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அதே நிலைமை. எல்லாரும் போட்டிருப்பதும் அடுத்தவன் சட்டைதான் என்பதால் எவனும் எவனையும் கேலி செய்ததில்லை. உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது வகுப்பில் மற்றவன் புதுசு போட்டிருந்ததால்தான் என்று நினைக்கிறேன், தப்பென்றால் மன்னியுங்கள்.

மூணாவதுபையன்

தப்பில்லை. அதுதான்.

ஆனாலும் என் மகளுக்குப் போட மாட்டேன் 😀

தையல்மெஷின்

ராமநாதபுரத்தில் இருபது வருடமாகத் தைக்கிறேன். இந்தப் பேச்சில் என் வேலையும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், எடுத்த எடுப்பில் கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். பரணில் நாலைந்து வருசம் இருந்த துணியில் எலாஸ்டிக் செத்துப்போயிருக்கும், நம் ஊர் வெக்கைக்கு ரப்பர் நிற்காது, இழுத்தால் மணல் மாதிரி உதிரும். இடுப்பில் ஒரு அங்குலம் பிரித்து, ஊக்கில் கோத்துப் புது எலாஸ்டிக்கை நுழைத்துவிட்டால் முடிந்தது. அதற்குத் தையல்காரரே வேண்டாம். இரும்பு ஹூக்கும் டிக் பட்டனும் கடல்காற்றில் துருப் பிடித்து, சுற்றிலும் பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் வெள்ளைப் பருத்தியில் துருக்கறை போகும். பிளீச்சிங் போட்டுவிடாதீர்கள், துருக்கறை இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும். துருவேறிய பட்டனைக் கழற்றி எறிந்துவிட்டு நாடா வைத்துவிடுங்கள். ஆடுகிற பட்டன் எதையும் விடாதீர்கள், பிள்ளை பிய்த்து வாயில் போடும். தொப்பிச் சட்டையில் கழுத்துக் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள், எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும்.

அப்புறம் பட்டுப்பாவாடை. அந்தக் காலத்தில் பாவாடை தைக்கும்போதே உள்ளே மூன்று நாலு டக் பிடித்துத்தான் தைக்கச் சொல்வார்கள், வருசத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பிள்ளையோடு பாவாடையும் வளரும். ஒரு பாவாடை ஒரே பிள்ளைக்கு நாலு வருசம், அடுத்த பிள்ளைக்கு மறுபடி டக் பிடித்து இன்னொரு நாலு வருசம். இப்போது என்னிடம் வருகிறவர்கள், "டக் வேண்டாம் அண்ணே, தடிமனாகத் தெரியுது" என்கிறார்கள். அடுத்த தீபாவளிக்கு முழங்காலுக்கு ஏறி நிற்கும்போது தெரியும்.

மண்டபம்அக்கா

அண்ணே, பட்டுப்பாவாடை ஒன்று இருக்கிறது, ஜரிகை கறுத்துவிட்டது. பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன்.

தையல்மெஷின்

கவர்தான் கெடுத்தது. கடற்கரை ஊரில் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், கவருக்குள் அது மாட்டிக்கொண்டால் வெளியே வராது. ஜரிகையில் இருக்கிற வெள்ளி கறுக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இழை அறும். கறுத்தது கறுத்ததுதான், நீங்களே எதையாவது தேய்த்துப் பார்க்காதீர்கள்.

நர்சம்மா

அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் பல வருடம் இருந்தவள், இப்போது ஓய்வு. ஒரு விஷயம், தயவுசெய்து இதை மட்டும் எல்லாரும் படியுங்கள்.

மண்டபம் அக்கா, பைக்குள் பாச்சை உருண்டை போட்டிருந்தீர்களா? நம் வீடுகளில் எல்லாரும் போடுவதுதான், சில ஊரில் அந்துருண்டை என்பார்கள். அதில் இருப்பது நாப்தலீன். பச்சைப்பிள்ளைக்கு அது ஆகாது. ரத்தச் சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகள் உண்டு, ஆண் பிள்ளைகளில் கூடுதல், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நாப்தலீன் வாசம் ஏறிய துணியைச் சுற்றினால் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம். "தாத்தா காலத்து கம்பளி, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோம்" என்று சுற்றிக் கொண்டுவருகிற துணியில் அந்த வாசம் மூக்கைத் துளைக்கும், நான் எத்தனையோ முறை கழற்றச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அதனால் உருண்டை போட்டிருந்தால் துணியை இரண்டு மூன்று முறை துவைத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வாசம் சுத்தமாகப் போனால் மட்டும் கொடுங்கள். போகவில்லையா, பிறந்த குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். இனிமேல் எடுத்து வைப்பவர்கள் காய்ந்த வேப்பிலை, இல்லையென்றால் நொச்சி இலையை மெல்லிய துணியில் கட்டி இடையிடையே வையுங்கள்.

மண்டபம்அக்கா

ஐயோ, ஒரு பையில் போட்டிருந்தேன்! நல்லவேளை சொன்னீர்கள் அம்மா. இன்றைக்கே ஊறப்போடுகிறேன்.

உப்புத்தண்ணி

ஊறப்போடுவது எந்தத் தண்ணீரில் என்று கேட்க ஆளில்லையா? நான் கேட்கிறேன், என் பெயரே அதுதான்.

போர்த் தண்ணீரில் ஊறப்போட்டால் நீங்கள் கொடுக்கப்போவது துணி இல்லை, அப்பளம். நம் பக்கத்துத் தண்ணீரில் உப்போடு சுண்ணாம்புச் சத்தும் அதிகம், சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளை அழுக்காக இழைக்குள்ளேயே படியும். குழந்தைத் துணி விறைத்து, வெள்ளை பழுப்பாகிப் போவது பாதி அதனால்தான். சோப்புக் கட்டியை விட்டுவிட்டுச் சலவைத்தூள் போடுங்கள், அது இந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் வேலை செய்யும். கடைசி அலசலை மட்டும் காவிரித் தண்ணீரில் அலசுங்கள். குழாயில் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் நான் குழந்தைத் துணிக்கென்றே இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைப்பேன். மழை பெய்தால் இன்னும் நல்லது, ஐப்பசியில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து அலசினால் ஜப்லா வெண்ணெய் மாதிரி இருக்கும்.

கழுத்தில் மஞ்சள் கறை வந்திருந்தால் அது பால் கக்கிய இடம். எடுத்து வைக்கும்போது வெள்ளையாகத்தான் இருந்திருக்கும், உள்ளே மிச்சமிருந்த பால் நாளாக நாளாக மஞ்சளாகும். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். வெயிலுக்கு மட்டும் நமக்குப் பஞ்சம் இல்லை.

தொண்டித்தம்பி

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு பருத்தி டீ-சர்ட் உருவாக, பருத்தி விளைவதிலிருந்து கணக்குப் போட்டால், சுமார் 2700 லிட்டர் தண்ணீர் ஆகிறதாம். எங்கள் வீட்டில் ஒரு குடம் 15 லிட்டர். அப்படியென்றால் ஒரு டீ-சர்ட்டுக்கு 180 குடம். என் அண்ணன் மகனுக்கு ஒரு பீரோ நிறைய டீ-சர்ட் இருக்கிறது, அவன் ஒரு கண்மாயைப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்று மதினியிடம் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

துணி கடைசியில் எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் கடைசி ஸ்டேஷன் எங்கள் படகுதான். என்ஜின் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் வாங்குகிறோம், அதோடு வீட்டுப் பழசும் போகும். நைந்த பருத்தித் துணிதான் எண்ணெயை உறிஞ்சும், பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும். போன மாசம் கையில் எடுத்த துணியில் பாதி யானை படம் இருந்தது. என் சட்டை. மூன்று வயதில் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது. எனக்கு அப்புறம் அது எத்தனை பேரிடம் போய் வந்ததோ. துடைக்க மனசு வரவில்லை, அதற்காக வைத்துக்கொள்ளவும் முடியாது, டிரைவர் அண்ணன் "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார். துடைத்தேன்.

நர்சம்மா

தம்பி நன்றாக எழுதுகிறாய்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் கொஞ்ச நாள் வேலைக்குப் போயிருந்தேன். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிசல், அழுக்கு, நம் பெண்கள் போடவே மாட்டாத உடுப்பு. மீனவப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எல்லாம் ரோட்டோரம் மழையில் நனைந்து கிடந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரியாமல் அனுப்பினார்கள். அதே ஊரில் ஒரு பாட்டி எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தன் பேத்தி பாவாடையைத் துவைத்து மடித்துக் கொடுத்ததையும் பார்த்தேன், அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். பேத்தி அலையில் போனவள். வாங்கியவருக்கு அது தெரியும். நம் வழக்கப்படி இறந்த பிள்ளையின் துணியை யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் அவர் வாங்கினார்.

பாம்பன்காத்து

அம்மா, இதைப் படித்ததும் எங்கள் அம்மாச்சி சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது ஆறு வயது. எப்படியோ உயிரோடு ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள், உடம்பில் இருந்த பாவாடையும் பாதிதான் மிச்சம். யாரோ ஒரு வீட்டில் ஒரு பையன் சட்டையைக் கொடுத்தார்களாம், காக்கி, முழங்கால் வரைக்கும் தொங்கும், நடுவில் இரண்டு பட்டன் இல்லை. அவருடைய அப்பா வலை நூலை எடுத்து இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டாராம். அம்மாச்சிக்கு அந்த வீட்டுக்காரர்கள் பெயர் இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சட்டைப் பையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது என்று சொல்வார், அந்தப் பையன் தாயம் விளையாட வைத்திருப்பான் போல. அதைப் பல வருசம் வைத்திருந்தாராம்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது பிள்ளைத் துணி கொடுத்தால் அம்மாச்சி ஒவ்வொரு பையிலும் கையை விட்டுப் பார்ப்பார். காலியாக இருந்தால் ஒரு மிட்டாயோ ஒரு ரூபாயோ வைத்துத்தான் அனுப்புவார். வெறும் பை போகக் கூடாதாம்.

கீழக்கரைலாத்தா

சுபஹானல்லாஹ். வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன்.

பாம்பன்காத்து

இன்னொன்றும் உண்டு லாத்தா, அதை அழாமல் படிக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஞானஸ்நான உடுப்பு ஒன்று இருக்கிறது, வெள்ளை சாட்டின், பாதம் தாண்டி நீளும். பதினோரு பிள்ளை போட்டாகிவிட்டது. ஆண் பெண் பாகுபாடு இல்லை. போன தடவை அதைப் போட்டது சென்னையில் இருக்கிற சித்தி பேரன். பாம்பனில் ரயில் நின்றிருந்த காலம் அது, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் நிறுத்தியது 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் ஓடியது இல்லையா, அதனால் உடுப்பை பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். பஸ் போய்ச் சேரும் வரை ராத்திரி முழுக்க என் அம்மா தூங்கவில்லை, கண்டக்டருக்கு மூன்று தடவை போன். இந்த ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் "கொடுத்தது கொடுத்தது" கணக்கில் வராது, திரும்பி வந்தே ஆக வேண்டும்.

பனங்காடு

சாயல்குடிக்காரி நான். இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

மண்டபம் அக்கா, நீங்கள் ஒன்றுமில்லாததற்குப் பயப்படுகிறீர்கள். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடவே மாட்டோம். பழசுதான் போட வேண்டும், அதுவும் நாலு பிள்ளை நல்லபடியாகப் போட்டு வளர்ந்த துணி என்றால் தேடிப்போய்க் கேட்டு வாங்குவோம். முன்னே பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் ஏழு வீட்டில் துணி கேட்டு வாங்கிப் போட்டு, பிள்ளைக்குப் பிச்சை என்று பெயர் வைப்பார்கள், எங்கள் தாத்தா தம்பிக்கு அந்தப் பெயர்தான். சாஸ்திரம் கிடக்கட்டும், கஞ்சி போட்ட புதுத்துணி பச்சை உடம்பை உரசும், இருபது தடவை துவைத்த துணி உரசாது, அவ்வளவுதான் விஷயம்.

ஒன்று மட்டும் பாருங்கள். எங்கள் அப்பத்தா உடுத்திய துணியைக் கொடுக்கும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார், நம் வீட்டு ராசி கூடவே போய்விடக் கூடாதென்று. கீழக்கரையில் நூல் போட்டுக் கொடுக்கிறார்கள், நாங்கள் நூல் உருவிக் கொடுக்கிறோம். 😀 செவ்வாய் வெள்ளியில் கொண்டுபோகாதீர்கள். தம்பியிடம் கொடுத்தனுப்பாதீர்கள், ஆம்பளை கையில் போனால் மூட்டை மாதிரி போய் விழும், நீங்களே போங்கள். துணிக்கு மேலே அத்தை முறைக்குப் புதுசு ஒன்று வையுங்கள். அதோடு உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தேவிபட்டினம்மருமகள்

மகளைக் கூட்டிப்போவது நல்ல யோசனை. பிள்ளை கையால் கொடுத்தால் யார் என்ன சொல்லுவார்கள்.

இடையில் இன்னொரு வயிற்றெரிச்சல், இந்தப் பேச்சுக்குச் சம்பந்தம் உண்டு. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு எட்டாவது வரை நாலு செட் சீருடை இலவசமாகத் தருகிறார்கள், நாங்கள்தான் பெருமைக்குத் தனியார் பள்ளியில் போட்டோம். பெரியவள் சீருடையைச் சின்னவளுக்குப் பத்திரமாக வைத்திருந்தேன், இந்த வருசம் கட்டத்தின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். ஊதா இருந்த இடத்தில் கருநீலம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசமே தெரியும். கேட்டால் "அதெல்லாம் கூடாது மேடம், புதுசுதான்" என்றார்கள். இரண்டு பிள்ளை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் திட்டிக்கொண்டே வாங்கினோம்.

மண்டபம்அக்கா

எல்லாருக்கும் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். போய்விட்டு வந்தேன்.

நாலு நாள் துவைத்தேன். காவிரித் தண்ணீர் எங்கள் தெருவில் இரண்டு நாள் வந்தது, விடவில்லை. பாச்சை உருண்டைப் பையில் மூன்றாவது துவைப்புக்குப் பிறகும் ஐந்தாறு துணியில் வாசம் நின்றது, அவற்றை எடுத்துவிட்டேன். மனசு விடாத துணி எது என்று பிரிக்க உட்கார்ந்து ராத்திரி பதினொன்றாகிவிட்டது, கடைசியில் ஒரே ஒரு ஜப்லாவை வைத்துக்கொண்டேன், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று போட்டது. பாம்பன் அம்மாச்சி சொன்ன மாதிரி பையுள்ள சட்டைகளில் எல்லாம் என் மகள் ஒரு தேன்மிட்டாய் வைத்தாள், எறும்பு வருமே என்றதும் எடுத்துவிட்டுச் சோழி வைத்தாள், அதையும் சாயல்குடியில் இறங்குவதற்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன், பிள்ளை விழுங்கிவிட்டால் என்ன செய்வது. கடைசியில் ஒவ்வொரு பையிலும் மடித்த காகிதம், உள்ளே அவள் கையெழுத்தில் "அக்கா" என்று மட்டும். அத்தை மகள் எப்படி அக்கா ஆவாள் என்று யாரும் கேட்காதீர்கள், அவள் அக்கா என்று முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமை போனோம். பையை வைத்துவிட்டு என்ன சொல்வது என்று வாயில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "இது கொஞ்சம் துணி" என்றேன், அவ்வளவுதான் வந்தது. தம்பி மனைவி பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா உள்ளே போய் ஒரு ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். அவர் மாமனாருடைய பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கி வைத்திருக்கிறார், இடையிடையே வேப்பிலை. "நீங்க கொண்டுவருவீங்களா மாட்டீங்களான்னு நாங்கதான் யோசிச்சுக்கிட்டு இருந்தோம். உங்க மக துணியைக் கேக்கணும்னு இவ ஒரு மாசமா சொல்லுறா, நாத்தனார் வீட்டுல போயி எப்படிக் கேக்குறதுன்னு நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நான் இங்கே உங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரம் அங்கேயும் அதே பேச்சு. சிரிப்பதா அழுவதா.

இரண்டு பையை வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றை மட்டும் வெளியே எடுத்தார். ரோஸ் கம்பளி ஸ்வெட்டர். "தாயி, இந்த வேக்காட்டுல இதை யாரு போடுறது?" உண்மையைச் சொன்னால் அது என் மகளுடையதே இல்லை, என் ஓரகத்தி கொடுத்தது, அவளுக்கு அவள் தங்கை கொடுத்ததாம், யாரோ கொடைக்கானல் போனபோது வாங்கியது. யாரும் ஒருநாளும் போட்டதில்லை, பட்டன்கூட இறுக்கம் தளரவில்லை. திரும்பவும் என்னிடமே வந்துவிட்டது.

உப்புத்தண்ணி

அந்த ஸ்வெட்டரை எனக்குத் தெரியும் போலிருக்கிறதே. முன்பக்கம் முயல் உண்டா?

மண்டபம்அக்கா

உண்டு! ஒரு காது பிய்ந்திருக்கும்.

உப்புத்தண்ணி

பிய்த்தது என் மகன். உச்சிப்புளியில் இருக்கிற என் தோழிக்கு ஆறு வருசம் முன்னால் கொடுத்தேன். எனக்குக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், மறந்துவிட்டது.

கீழக்கரைலாத்தா

அக்குளைப் புரட்டிப் பாருங்கள், நூல் இருக்கிறதா 😀

மூணாவதுபையன்

அடுத்த மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். என்ன சைஸ் அது?

மண்டபம்அக்கா

22. துவைத்து வைக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காதை மட்டும் தையல்மெஷின் அண்ணனிடம் கொடுத்து ஒட்டித் தருகிறேன்.